அன்னை ஹாஜராவிடம் அனுமதி கேட்டவர்கள்



"மாப்பிள்ளை எங்கே வேலை பார்க்கிறார்?"

சென்னையில் வாடகை வீடு தேடி அலைந்த மூன்று மாதங்களில் நான் மிகுதியாகக் கேட்ட கேள்வி இதுதான். சமையலறையைப் பார்த்து முடிப்பதற்குள் வந்துவிடும். தலாக் ஆகிவிட்டது, நானும் இரு பிள்ளைகளும் மட்டுமே தங்குவோம் என்று சொன்னதும் முகம் மாறும். "வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்பார்கள். பின்னர் அழைப்பு வராது.

இத்தா காலத்தைத் தம்பியின் வீட்டில்தான் கழித்தேன். ஒரே ஒரு படுக்கையறை கொண்ட வீடு. கூடத்தில் நானும் ஒன்பது வயது மகளும் ஆறு வயது மகனும் உறங்குவோம். தம்பியோ அவன் மனைவியோ ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆயினும், நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழும் தம்பி மனைவி, எங்கள் உறக்கம் கலைந்துவிடக் கூடாதென்று விளக்கைப் போடாமல் சுவரைத் தடவியபடி நடப்பதைப் பல இரவுகள் கண்டேன். இத்தா முடிந்ததும் தனி வீடு பார்த்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

அந்நாட்களில் அத்தலாக் அத்தியாயத்தைப் பொருளுணர்ந்து ஓதினேன். மணவிலக்குப் பெற்ற பெண்ணை இத்தாவின்போது வீட்டைவிட்டு வெளியேற்றாதீர்கள் என்று முதல் வசனத்திலேயே அல்லாஹ் கட்டளையிடுகிறான். ஆறாம் வசனத்தில், உங்கள் வசதிக்கேற்ப நீங்கள் வசிக்கும் இடத்தில் அவளையும் குடியிருக்கச் செய்யுங்கள் என்கிறான். பிரிவின் சட்டங்களுக்கு நடுவே அவளுடைய தங்குமிடத்தை இருமுறை நினைவூட்டுகிறான் இறைவன். நாமோ அதனைக் கடைசியாகவே நினைக்கிறோம்.

மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் எனக்கு நிரந்தர வேலை உண்டு. மாதச் சம்பளம் தவறாமல் வருகிறது. பிற பகுதிகளில் பெயரைச் சொன்னதுமே "வீடு முடிந்துவிட்டது" என்ற பதில் வந்தது. நம் மக்கள் நிறைந்த திருவல்லிக்கேணியிலும் இராயப்பேட்டையிலும் அந்தச் சிக்கல் இராது என நம்பிச் சென்றேன். அங்கே பெயர் தடையாகவில்லை. கணவர் இல்லாமை தடையாயிற்று. ஓர் உரிமையாளர் மட்டும் வெளிப்படையாகச் சொன்னார்: "நீங்கள் நல்லவர்தான். ஆனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். நமக்கு எதற்கம்மா வம்பு?"

அவர்மீது கோபம் கொள்ள என்னால் இயலவில்லை. காரணம், அந்தச் சொற்கள் என்னுடையவை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், திருச்சியில் எங்கள் அத்தாவின் வீட்டு மாடியைக் கேட்டு ஒரு பெண் கைக்குழந்தையுடன் வந்தார். அம்மா இரக்கப்பட்டு என்னைப் பார்த்தார். "நமக்கு எதற்கம்மா வம்பு?" என்று சொன்னவள் நான்தான். அவர் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இன்று தேடிச் சென்று மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

அன்னை ஹாஜரா (அலை) அவர்களின் வரலாற்றை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். ஸஃபா, மர்வாவுக்கிடையே அவர் ஓடியதை அறியாதவர் நம்மில் இல்லை. அதன்பின் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பறவை வட்டமிடுவதைக் கண்டு நீரைத் தேடி வந்த ஜுர்ஹும் குலத்தார், அங்கே ஒரு பெண்ணும் குழந்தையும் மட்டும் இருக்கக் கண்டனர். இங்கே குடியேறலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டனர். நீரில் உங்களுக்கு உரிமை கிடையாது என்ற நிபந்தனையோடு அவர் அனுமதித்தார், அவர்களும் ஏற்றனர். ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி இது. கைக்குழந்தையுடன் தனித்திருந்த ஒரு தாய் கொடுத்த அனுமதியால் மக்காவில் மக்கள் குடியேறினர். அந்த மக்காவை நோக்கித் தொழும் நாம், அத்தகைய தாய்க்கு இரண்டு அறைகளைத் தரத் தயங்குகிறோம்.

இறுதியில் ஐஸ்ஹவுஸ் அருகே மூதாட்டி ஒருவரின் வீட்டு மாடி அமைந்தது. அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். உண்மையைச் சொன்னேன். "ஒப்பந்தத்தை உன் தம்பி பேரில் போட்டுக்கொள்ளலாமே" என்றார். "வாடகை கொடுக்கப்போவது நான்தானே, பெரியம்மா" என்று கூறிச் சம்பளச் சீட்டைக் காட்டினேன். யோசிக்க ஒரு நாள் கேட்டார். மறுநாள் அஸருக்குப் பின் அழைத்தார்: "உன் பேரிலேயே போடலாம். வந்து சாவியை வாங்கிக்கொள்ளம்மா."

என்னைப் போன்ற சகோதரிகளுக்குச் சில சொற்கள். உண்மையை மறைத்து வீடு பிடிக்காதீர்கள். பின்னர் தெரியவரும்போது பிள்ளைகளுடன் மீண்டும் தெருவில் நிற்க நேரலாம். சம்பளச் சான்றையும் அடையாள அட்டையையும் கையோடு கொண்டு செல்லுங்கள். 2019 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் அவசியம். வேறுவிதமாக உடன்பாடு செய்துகொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கவும் கூடாது. பத்து மாத முன்பணம் என்ற பழைய வழக்கத்தைக் கேட்டு மலைத்துவிடாமல், இதனைச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே, மஹல்லாவில் காலியாகும் வீடுகளின் விவரம் பெரும்பாலும் உங்கள் காதுக்கு வருகிறது. "இந்தச் சகோதரியை நாங்கள் அறிவோம்" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை பல கதவுகளைத் திறக்கும். வீட்டு உரிமையாளர்களே, வாடகை ஒழுங்காக வருமா, வீட்டைப் பேணுவார்களா என்று தாராளமாகக் கேளுங்கள். "நாலு பேர்" என்ன சொல்வார்கள் என்பதை மட்டும் கணக்கில் கொள்ளாதீர்கள். அந்த நால்வருள் ஒருத்தியாக நானே இருந்திருக்கிறேன்.

புதுவீட்டின் முதல் இரவில் மகள் தண்ணீர் குடிக்க எழுந்தாள். பழக்கத்தால் இருளில் சுவரைத் தடவினாள். "விளக்கைப் போடும்மா" என்றேன். அல்ஹம்துலில்லாஹ்.

திருச்சியில் எங்கள் மாடிப்படியிறங்கிச் சென்ற அந்தச் சகோதரிக்கும், வீடின்றித் தவிக்கும் ஒவ்வொரு தாய்க்கும் அல்லாஹ் நிம்மதியான இருப்பிடத்தை வழங்குவானாக! என் பிழையைப் பொறுத்தருள்வானாக! ஆமீன்.