படத்தில் தெரியாத வலி

'அறுவை நன்றாக முடிந்ததே, இன்னுமா வலி?' என்று கேட்கும் ஆய்வுலக நண்பர்களுக்காக இந்த நெடும்பதிவு. கேள்வியில் தவறில்லை. அதற்கான விடையை ஒரு தொலைபேசி உரையாடலுக்குள் சொல்லிவிட முடிவதில்லை.

நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலிருந்த வட்டு பிதுங்கி, இடக்காலுக்குச் செல்லும் நரம்பு வேரை அழுத்தியது. பிதுங்கிய பகுதியை அகற்றிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. பின்னர் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் அழுத்தம் இல்லை. ஆயினும் நெடுநாள் நசுங்கிய நரம்பு, தூண்டல் இல்லாதபோதும் வலிக்குறிகளை அனுப்பக்கூடும். காயம் ஆறும்போது நரம்பைச் சுற்றித் தழும்புத் திசு படரக்கூடும். தண்டுவடமும் மூளையும் சிறு தூண்டலைக்கூடப் பெருவலியாகப் பெருக்கப் பழகிவிடக்கூடும். இவற்றுள் எல்லாமே படத்தில் தெரிபவை அல்ல.

இந்நிலையை மருத்துவ நூல்கள் நெடுங்காலம் 'தோல்வியுற்ற முதுகு அறுவை' என்ற தொடரால் குறித்தன. தோற்றது மருத்துவரா, நோயாளியா என்ற ஐயத்தை அந்தப் பெயரே எழுப்பியது. 2021இல் வல்லுநர் குழுவொன்று 'நீடித்த முதுகுத்தண்டு வலி' என்ற பொருள்படும் புதிய பெயரை முன்மொழிந்தது. அறுவைக்குப் பின் நீடிப்பது அதன் இரண்டாம் வகை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலும் நாட்பட்ட வலிக்குத் தனி இடம் உண்டு. இதை அறிந்தபின் யாரைக் குறைசொல்வது என்று தேடுவதை நிறுத்தினேன்.

மருத்துவமனைகளில் வலியைச் சுழியம் முதல் பத்து வரை எண்ணால் கேட்கிறார்கள். எண் வலியின் தன்மையைச் சொல்லாது. இதை உணர்ந்தே உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975இல் சொற்களாலான மெக்கில் வலி வினாநிரலை வெளியிட்டார். நம் மொழியிலும் அத்தகைய சொற்கள் நிறைய உண்டு. என் இடுப்பில் இருப்பது உளைச்சலும் கடுப்பும், கெண்டைக்காலின் வெளிப்புறத்தில் எரிச்சல், சில நேரம் சுரீரென ஒரு வெட்டு, பெருவிரலில் மரமரப்பு. எரிச்சல், வெட்டு, மரமரப்பு மூன்றும் நரம்பு வலியின் அடையாளங்கள். வழக்கமான வலிநிவாரணிகள் அதற்குப் பெரும்பாலும் உதவுவதில்லை. காபாபென்டின், பிரிகாபலின் போன்ற வேறு மருந்துகள் தேவைப்படும். இங்கே ஹெப்பகோடியில் என் இயன்முறை மருத்துவர் கன்னடத்தில் 'நோவா, உரியா, ஜோமா?' என்று பிரித்துக் கேட்கிறார். நோவு நமக்கும் உரிய சொல். உரி எரிச்சல், ஜோமு மரமரப்பு. எண்ணைக் கேட்டவர்களைவிட அவருக்கு என் உடல் விரைவில் விளங்கியது.

அன்றாடத்தை இருபத்தைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டிக்கொண்டேன். அதற்குமேல் அமர்வதில்லை, எழுந்து மாடியில் நடந்துவிட்டு, அடுத்த பத்தியை நின்றபடி எழுதுகிறேன். வலி குறைந்த நாளில் விடுபட்ட வேலை முழுவதையும் முடிக்கும் ஆசையே பெரும் பகை. அடுத்த மூன்று நாட்கள் படுக்கையில் கழியும். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ ஓடத் தொடங்கியபின், ஓசூர் சாலையின் வேகத்தடைகளில் குலுங்காமல் நூலகம் செல்ல முடிகிறது. வாரம் இருமுறை செல்கிறேன்.

ஆய்வேட்டின் கால வரம்புதான் மீதமுள்ள அச்சம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி முனைவர் பட்டத்துக்கு ஆறாண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டாண்டு தளர்வு உண்டு. ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் நாட்பட்ட வலி தனி வகையாக இல்லை. நடக்கவும் நிற்கவும் முடிகிற என்னைப் போன்றோர் எந்தச் சான்றிதழைக் காட்டுவது?

விதி மாறக் காலமாகும். அதுவரை நெறியாளர்களும் துறைத்தலைவர்களும் செய்யக்கூடியவை சில உண்டு. கருத்தரங்கில் ஒருவர் பின்வரிசையில் எழுந்து நின்றால் காரணம் கேளாதிருங்கள். வாய்மொழித் தேர்வில் இடைவேளை அளியுங்கள். மாணவர் வலி என்று சொன்னால் படத்தைக் கேட்பதற்கு முன் அவர் சொல்வதைக் கேளுங்கள். இதே நிலையில் உள்ள ஆய்வாளர்கள் எனக்கு எழுதலாம். மறுமொழி தாமதமானால், அன்று நான் நடந்துகொண்டிருக்கிறேன் என்று கொள்க.