குழாய் பழையது, வாயு புதியது

க்ரோனிங்கன் நகரத்திலிருந்து பஸ்ஸில் கிழக்கே கிளம்பினால், கொஞ்ச நேரத்திலேயே ஊர் முடிந்து வானம் தொடங்கிவிடுகிறது. நெதர்லாந்தின் வடகிழக்கு மூலை. மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. வாய்க்கால்கள், புல்வெளி, கறுப்பு வெள்ளை மாடுகள், தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம். இத்தனை சாதுவான மண்ணுக்கடியிலா உலகின் மாபெரும் எரிவாயு வயல்களில் ஒன்று!

1959-இல் ஸ்லோக்டரனை அடுத்த கோல்ஹாமில் ஒரு விவசாயியின் நிலத்தில் துளையிட்டபோது கிடைத்த புதையல் அது. ஏறத்தாழ 2.8 லட்சம் கோடி கன மீட்டர்! நாடு செழித்தது, பூமியோ உள்ளுக்குள் அமிழ்ந்தது. 2012-இல் ஹுய்சிங்க கிராமத்தை 3.6 ரிக்டர் நடுக்கம் உலுக்கியது. விரிசல் கண்ட செங்கல் வீடுகளுக்கு மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்திருப்பதைப் பார்த்தபோது மனம் கனத்தது. இந்த நடுக்கங்களால்தான் 2023 அக்டோபர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தினார்கள்.

வயலை மூடினாலும், அதை நம்பி நாடு முழுக்கப் புதைத்த குழாய்கள் அப்படியே கிடக்கின்றன. அவற்றில் இனி ஹைட்ரஜன் ஓடட்டும் என்கிறார்கள். இது இந்த நாட்டுக்கு முற்றிலும் புதிதுமல்ல. அறுபதுகள் வரை வீடுகளில் எரிந்தது நிலக்கரியிலிருந்து எடுத்த வாயு. அதில் பாதியளவு ஹைட்ரஜன்தான். ஸ்லோக்டரன் வாயு வந்ததும் தெருத்தெருவாகப் போய் அடுப்புகளின் பர்னர்களை மாற்றி, சில ஆண்டுகளிலேயே நாட்டையே புது வாயுவுக்குத் திருப்பினார்கள்.

தெற்கே லோஹெம் என்ற சிறிய ஊருக்குப் போனேன். நூறு வயதைத் தொட்ட, பாதுகாக்கப்பட்ட அழகான வீடுகள். அவற்றில் பன்னிரண்டு வீடுகளை 2022 கடைசியில் சோதனையாக ஹைட்ரஜனால் சூடாக்கத் தொடங்கினார்கள். தெருவில் இருந்த பழைய எரிவாயுக் குழாயே போதுமானதாக இருந்தது, பாய்லரைத்தான் மாற்றினார்கள். அந்தத் தெருவில் நின்றபோது, காலடியில் நடந்த மாற்றத்துக்கு வெளியே ஓர் அடையாளமும் தெரியாதது எனக்குப் பெரும் வியப்பு.

ஒரே கன அளவில் ஹைட்ரஜனுக்கு இயற்கை எரிவாயுவின் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல்தான். ஆனால் மிக லேசானது என்பதால் குழாயில் விரைந்து ஓடி, அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. அதிக அழுத்தத்தில் சில வகை எஃகை அது நொய்ய வைக்கும். எனவே ஒவ்வொரு குழாயையும் சோதித்து, வால்வுகளை மாற்றியே திறக்க வேண்டும். தெற்கே ஸீலாந்து மாகாணத்தில் 2018-லேயே இரண்டு தொழிற்சாலைகளுக்கிடையே 12 கிலோமீட்டர் பழைய குழாயை இப்படி மாற்றிக் காட்டினார்கள். 2023-இல் ராட்டர்டாமில் தேசிய ஹைட்ரஜன் குழாய்ப் பாதையின் வேலை தொடங்கியது. திட்டமிட்ட நீளம் சுமார் 1,200 கிலோமீட்டர். பெரும்பகுதி பழைய குழாய்களே. மிஞ்சும் ஹைட்ரஜனைச் சேமிக்க, ஸௌட்வெண்டிங் என்ற இடத்தின் உப்புப் படிவத்தில், ஒரு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் குகைகளைத் தயார்செய்கிறார்கள்.

ஆனால் காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பிரித்து எடுக்கப்படும் ஹைட்ரஜன் விலை உயர்ந்தது. வீட்டைச் சூடாக்க, அதே மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் பல மடங்கு சிக்கனம். அதனால் ஹைட்ரஜன் முதலில் போகவேண்டிய இடம் எஃகு, உரம், ரசாயன ஆலைகள்தான். நெதர்லாந்து போகிறவர்கள் டூலிப் தோட்டங்களோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு நாள் ஒதுக்கி க்ரோனிங்கனுக்கும் போங்கள். எரிவாயு தந்த செல்வத்தையும் அதற்கு மக்கள் கொடுத்த விலையையும் அங்கே ஒரே வட்டாரத்தில் பார்க்கலாம்.