பிந்தி வந்த துடிப்பு

பாட்டியின் பெயரில் மூன்றாம் எழுத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது இயந்திரம் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் விலகிவிட்டது. திரையில் எல்லாம் சரியாகவே இருந்தது; வெட்டுமுனை இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்றே கணினி காட்டிக்கொண்டிருந்தது. பலகை படாக் மரம். பழைய அலமாரி ஒன்றிலிருந்து கழற்றி அப்பா பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்தது. புரோத்ராபூரில் தச்சுப் பட்டறை நடத்தி ஓய்ந்தவர் அவர். வெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “தப்பு பண்ணினது அதுக்கே தெரியலையா?”

தெரியாது என்பதே விடை. பொழுதுபோக்காகச் செய்யப்படும் சிறிய இயந்திரங்களில் பெரும்பாலும் இருப்பது ஸ்டெப்பர் மோட்டார். ஒரு மின்துடிப்புக்கு ஒரு படி என அது நகர்கிறது. நகர்ந்ததா என்று திரும்பிச் சொல்லும் வழி அதில் இல்லை. விரைந்து ஓடும்போது ஒரு துடிப்பு பிந்தினால் மோட்டார் தடுமாறிச் சில படிகளை இழக்கிறது. கணினியோ இழந்தவற்றையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டு மேலே செல்கிறது.

ஆகவே இப்பணிக்குக் கணினியைத் தேர்வது வேகத்தைத் தேர்வதன்று. இது எனக்குப் பலகை கெட்ட பிறகே உறைத்தது. வீட்டிலிருந்த இரண்டு மேசைக்கணினிகளில் புதியதையே எடுத்திருந்தேன். அதில் இணைப்புத் துறை இல்லாமையால் பேரலல் போர்ட் அட்டை ஒன்றையும் வரவழைத்துச் செருகினேன். நிறுவியது லினக்ஸ்சிஎன்சி 2.9. அமெரிக்கத் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட்டில் 1990-களில் உருவான கட்டுப்பாட்டு மென்பொருளின் வழிவந்தது அது. டெபியன் 12-உடன் சேர்த்து ஒரே கோப்பாகக் கிடைக்கிறது. சென்னையிலிருந்து கடலடி இழை 2020 ஆகஸ்டில் வருமுன் இத்தகைய கோப்பை இறக்குவது இத்தீவில் பல இரவுகளின் வேலை. இப்போது காலை உணவுக்குள் முடிந்தது. அந்த எளிமையே என்னைக் கவனமற்றவனாக்கியது என்று நினைக்கிறேன்.

துடிப்பு எழுப்பும் வேலையை ஆர்டுயினோ போன்ற சிறு பலகையிடம் விட்டிருக்கலாமே என்று நண்பர் கேட்டார். விட்டிருக்கலாம், பலருக்கு அதுவே எளிது. இருக்கும் கணினியைக் கொண்டே செய்து பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு.

சாதாரண லினக்ஸ் கர்னல் எல்லாப் பணிகளையும் சராசரியில் விரைவாக முடிக்க முயல்கிறது. எந்த ஒரு பணியும் குறித்த கணத்தில் நடக்கும் என்று உறுதி தருவதில்லை. அவ்வுறுதிக்காக எழுந்ததே பிரீஎம்ட்-ஆர்டி. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனி ஒட்டாகவே வளர்ந்து, 2024 நவம்பரில் வெளியான 6.12 கர்னலில்தான் அது முதன்மை மூலத்தோடு முழுமையாகச் சேர்ந்தது. டெபியன் 12-இல் தனிக் கர்னலாக வருகிறது. என் கணினியில் அது இருந்தது. ஆயினும் துடிப்பு பிந்தியது. ஏனெனில் கர்னலுக்கும் கீழே, தாய்ப்பலகையின் பயோஸ் தன் சொந்த வேலைக்காகச் செயலியை அவ்வப்போது பிடித்துக்கொள்கிறது. அதைக் கர்னலால் தடுக்க முடியாது.

இதைக் கண்டறியவே தாமதச் சோதனை இருக்கிறது. நான் அதைச் சில நிமிடங்கள் மட்டும், வேறு எந்த நிரலும் ஓடாதபோது ஓட்டிவிட்டு நிறைவுற்றேன். போதாக்குறைக்கு, எதிர்பாராத நிகழ்நேரத் தாமதம் என்ற எச்சரிக்கை வெட்டத் தொடங்கிய சற்று நேரத்தில் திரையில் வந்தது. ஓர் அமர்வில் அது ஒருமுறைதான் தோன்றும். மறுபடி வராததைக் கண்டு, சரியாகிவிட்டது என்று பொருள்கொண்டேன்.

தொல்காப்பியம் மாத்திரைக்குக் கண்ணிமைப்பதையும் விரல் நொடிப்பதையும் அளவாகச் சொல்கிறது. முதுகலையில் ஒலிகளை மில்லிநொடியில் அளந்து பழகியவன் நான். நெடிலைச் சற்றுக் குறுக்கி ஒலித்தாலும் கேட்பவர் சூழலிலிருந்து ஊகித்துக்கொள்கிறார். மோட்டார் ஊகிப்பதில்லை. இங்கே கணக்கு மைக்ரோநொடியில்.

இரண்டாம் முறை சோதனையை இரவு முழுவதும் ஓட்டினேன். கூடவே வரைகலை நிரல்களும் பெரிய கோப்புகளின் நகலெடுப்பும். புதிய கணினியில் மிகப்பெரிய தாமதம் 300 மைக்ரோநொடியைத் தாண்டியது. மென்பொருளே துடிப்பு எழுப்புவதானால் 100-ஐத் தாண்டிய கணினி தகுதியற்றது. அலமாரிக்கடியில் தூசு படிந்திருந்த பழைய இரட்டைக் கருச் செயலிக் கணினி, பயோஸில் மின்சேமிப்பு அமைப்புகளை அணைத்த பின், 18-ஐத் தாண்டவில்லை. பேரலல் போர்ட்டும் தாய்ப்பலகையிலேயே இருந்தது. ஒருமுறை மின்வெட்டில் சோதனை அறுந்து, மறுநாள் முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று.

துடிப்புக் காலத்தை 50 மைக்ரோநொடி என்று தாராளமாகவே வைத்தேன். நொடிக்கு 10,000 படிகள் கிடைக்கும். என் மோட்டார் ஒரு சுற்றுக்கு 1,600 படிகள். ஒரு சுற்றில் திருகுதண்டு 8 மில்லிமீட்டர் நகர்த்தும். மில்லிமீட்டருக்கு 200 படிகள் என்றால் நொடிக்கு 50 மில்லிமீட்டர். படாக்கில் எழுத்து வெட்ட இதில் பாதிகூடத் தேவையில்லை. நான் தேடிப்போன வேகம் எதற்கென்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

வேறு பலகை இல்லை. அப்பா அதே பலகையைத் திருப்பிப் போட்டுப் பின்புறத்தை இழைத்துக் கொடுத்தார். முழுப்பெயரும் வெட்டி முடியும்வரை இயந்திரத்தின் அருகிலேயே நின்றார். பலகை இப்போது வாசலில் இருக்கிறது. பாதியில் நின்ற மூன்றாம் எழுத்து சுவரைப் பார்த்தபடி அதன் பின்னால் இருக்கிறது.