கொல்லிமலைக்கு பைக் பயணமா? பின் பிரேக்கை ஒரு வாரம் முன்பே மாற்றுங்கள்!

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியில் சமதளம் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இன்ஜின்தான் திணறும். பயப்பட வேண்டியது இறங்கும்போதுதான்.

ஆடி 18-ஐ ஒட்டி செம்மேட்டில் வல்வில் ஓரி விழா களைகட்டும். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் ஆகாய கங்கை அருவியில் குளிக்காமல் யாரும் திரும்புவதில்லை. அருவிக்கு 1,000-க்கும் மேற்பட்ட படிகள். இறங்கி ஏறியதும் கால் நடுங்கும். அந்தக் காலோடுதான் மாலையில் பைக்கை எடுக்கிறார்கள். அசதியில் வலது பாதம் பிரேக் மிதியிலேயே கிடக்கும். விடாமல் உரசினால் பேடும் டிஸ்க்கும் கொதிக்கும், பிடிமானம் குறையும். சூடு பிரேக் ஆயில் வரை போய் அது கொதித்துவிட்டால் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். டாட் 4 ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அது 155 டிகிரியாக இறங்கலாம்.

அதனால் கிளம்பும் முன் பின் பேடைக் குனிந்து பார்ப்பது நல்லது. தேய்மானக் கோடு மறைந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டியென்றால் வீட்டு வாசலிலேயே மாற்றலாம். டிரம் பிரேக் கதை வேறு.

வண்டியை அசையாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, காலிபர் வண்டியில் இருக்கும்போதே பேட் பின்னைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். கழற்றிய பிறகு கையில் பிடித்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுவது பெரும்பாடு. பிறகு காலிபர் போல்ட்டுகள், பழைய பேடுகள். தூசியை வாயால் ஊதக் கூடாது. பிரேக் கிளீனர் போதும்.

புது பேட் தடிமனாக இருக்கும் என்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளாமல் டிஸ்க் நுழையாது. ஆயில் டப்பா மூடியைத் திறந்து, பழைய பேடை வைத்து மெதுவாக அழுத்தினால் போகும். அப்போது ஆயில் மட்டம் ஏறும். வழிந்து பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், இல்லையென்றால் பெயின்ட் போய்விடும். பேடின் உரசும் பக்கம் டிஸ்க்கைப் பார்த்திருக்க வேண்டும். அதில் கிரீஸ் கை படவே கூடாது. போல்ட்டுகளை வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்க வேண்டும்.

எல்லாம் மாட்டியதும் பலர் மறப்பது ஒன்று உண்டு. பிஸ்டன் பின்னால் போயிருப்பதால் முதல் மிதிக்கு பிரேக்கே பிடிக்காது. வண்டியை நகர்த்தும் முன் மிதி கெட்டியாகும் வரை பலமுறை அழுத்த வேண்டும். அழுத்தியும் மெத்தென்றே இருந்தால் உள்ளே காற்று. அது மெக்கானிக் வேலை.

கிளம்பும் முந்தைய இரவு மாற்றுவது மட்டும் வேண்டாம். புது பேட் டிஸ்க்கோடு ஒட்டிப் பழகும்வரை முழுசாகப் பிடிக்காது. ஒரு வாரம் ஊருக்குள் நிதானமாக ஓட்டினால் பழகிவிடும்.

மலையில் இறங்கும்போது இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல் கியர். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது தற்கொலைக்குச் சமம். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் விட்டு விட்டுப் பிடித்தால் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். நடுவில் ஓர் அகலமான திருப்பத்தில் நிறுத்தி, சோளக்காட்டில் வாங்கிய அன்னாசியை அங்கேயே பிரிக்கலாம். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்க மட்டும் வேண்டாம், கை வெந்துவிடும்.