டா டிட் டா

கல்லூரியில் மோர்ஸை அட்டவணையாகத்தான் படித்தோம். ஒலியைப் புள்ளி, கோடாக்கி, அதை எழுத்தாக்குவதற்குள் அடுத்த இரண்டு எழுத்து போயிருக்கும்.

இப்போது நானே எழுதிய மொபைல் செயலியில் லுட்விக் கோக் முறை. முதலில் கே, எம் இரண்டே எழுத்து, ஆனால் முழு வேகத்தில். நூற்றுக்குத் தொண்ணூறு சரியானால் மூன்றாவது. நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளிக்கு 60 மில்லிசெகண்ட்தான். எண்ண நேரமே இல்லை. கே என்றால் ‘டா டிட் டா’ என்றொரு தாளம், அவ்வளவுதான்.

ஹாம் ரேடியோ சொல்லிக்கொடுத்த சாருக்கு, தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் இல்லை. வாட்ஸப் இருக்கே என்கிறார்கள். இருக்கு. ஆனால் கீ தட்டும் ஒவ்வொரு கைக்கும் ஒரு நடை உண்டு. சார் ‘டா’வைக் கொஞ்சம் இழுப்பார். செயலியின் சுத்தமான ஒலியில் அந்த இழுப்பு கிடையாது. அதைக் கேட்கத்தான் தினமும் அரைமணி உட்காருகிறேன்.