வேப்பிலைக்கு முன்னால் வரும் நோய்

எங்கள் கொங்குப் பக்கம் பிள்ளைக்கு மேலெல்லாம் தடிப்புக் கண்டால் வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். வீட்டில் தாளிக்க மாட்டார்கள், ஒரம்பரை (விருந்தாளி) வராது. கோவைத் தண்டு மாரியம்மனுக்கோ ஈரோட்டுப் பெரிய மாரியம்மனுக்கோ வேண்டிக்கொண்டு, பிள்ளையை வெளியே விடாமல் வைத்திருப்பார்கள். இதை மூடத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. நோய்ப்பட்டவரைத் தனியே வைக்கும் புத்தி அதற்குள் இருந்தது.

ஆனால் தட்டம்மை, நாங்கள் மணல்வாரி என்போமே, அது வேப்பிலைக்கு முந்திக்கொள்ளும். தடிப்பு தெரிவதற்கு நாலு நாள் முன்பே பிள்ளை நோயைப் பரப்பத் தொடங்கிவிடும். அப்போது பார்த்தால் வெறும் சளி, காய்ச்சல், கண் சிவப்பு. பள்ளிக்கூடமும் போயிருக்கும், கல்யாண மண்டபத்துக்கும் வந்திருக்கும். அந்தப் பிள்ளை எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி அறைக் காற்றில் கிடக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் போகும் நோய் இது.

அதனால்தான் எங்கே இது கிளம்பினாலும் சுகாதாரத் துறையார் முதலில் தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார்கள். 2022 கடைசியில் மும்பையின் கோவண்டிப் பகுதியில் பிள்ளைகள் செத்தார்கள். வாளையாறு தாண்டினால் பாலக்காடு, அதை ஒட்டி மலப்புரம். அங்கேயும் அதே சமயம் பரவி, மத்தியக் குழு வந்தது. இரண்டு இடத்திலும் படுத்தவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாத பிள்ளைகள்.

"ஊசி போட்டவனுக்கும் வந்துச்சாமுங்களே" என்று கேட்பவர்கள் உண்டு. வரும் அம்மிணி, கணக்குப் போட்டுப் பார். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் 900 பேர் இரண்டு தவணையும் போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள் என்று வைத்துக்கொள். இரண்டு தவணை நூற்றுக்குச் சுமார் 97 பேரைக் காக்கும். எல்லோரையும் கிருமி தீண்டினால் 900 பேரில் 27 பேர் படுப்பார்கள். அந்த 100 பேரில் சுமார் 90 பேர் படுப்பார்கள். வாட்ஸ்அப்பில் அந்த 27 பேரை மட்டும் காட்டுவார்கள்.

பயத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2008இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பின் நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. அதன்பிறகு கிராமங்களில் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். தப்பு நடந்தால் திருத்த வேண்டியதுதான். ஊசியையே விட்டுவிடுவது வேறு சங்கதி. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசியை ஒன்பது மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் போட அரசு கிளம்பியபோது, படித்த பெற்றோர்கூட வதந்திக்கு அஞ்சிப் பின்வாங்கினார்கள். மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

"எம் பிள்ளை, எம் முடிவு" என்பவரிடம் நான் ஒன்று கேட்பேன். பக்கத்து வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருக்கிறதே, அதற்கு என்ன முடிவு? முதல் தவணையே ஒன்பது மாதம் முடிந்துதான். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அதற்குள் வற்றிப்போகும். இடைப்பட்ட நாட்களில் சுற்றியிருக்கும் பிள்ளைகள்தான் அதற்கு வேலி. நூற்றுக்கு 95 பேராவது போட்டிருந்தால்தான் அந்த வேலி நிற்கும்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கோவை மில்களுக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஊர் மாறும்போது இரண்டாம் தவணை, அதாவது 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டியது, விட்டுப்போகிறது, அட்டையும் தொலைகிறது. லைன் வீட்டுக்காரர் வாடகை வாங்கும்போது ஒரு வார்த்தை விசாரிக்கலாம். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். அட்டை இல்லை, போட்டதும் நினைவில்லை என்றால் இன்னொரு தரம் போட்டுக்கொள்வதால் கெடுதல் ஒன்றுமில்லை.