சேறும் பனியும்

சம்மாந்துறை வட்டைகளில் வளர்ந்தவர்களுக்குச் சேற்றைப் பற்றி எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. பனிதான் நாங்கள் அறியாதது. மார்கழி விடியலில் வரம்புப் புல் காலை நனைப்பதைத்தான் பனி என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தச் சொல்லுக்கு இவ்வளவு பாரம் உண்டென்பதை, 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் தொடக்கம் கனடாவில் ராத்தா வீட்டில் தங்கியிருந்த ஐந்து மாதங்களில்தான் கண்டேன்.

ராத்தாவின் மகன் ஒன்ராறியோ மாகாணத்தில், ஒட்டாவாவுக்கும் கிங்ஸ்டனுக்கும் இடைப்பட்ட நாட்டுப்புறத்தில் 25 ஏக்கர் காணியும் பழைய வீடொன்றும் வாங்கியிருந்தான். நகரத்து வீட்டு விலைகளைக் கேட்டுக் களைத்துப்போய் எடுத்த முடிவு அது. காணியில் பாதி சதுப்பு. அடியில் பாறை கிடப்பதால் தண்ணீர் கீழே இறங்காது. போதாக்குறைக்கு, பீவர் என்ற பிராணிகள் மரங்களைக் கடித்து வீழ்த்தி ஓடையை மறித்து அணை கட்டியிருந்தன. அந்தச் சதுப்புக்கு அப்பால்தான் விறகுக்கான மரங்கள் நின்றன. வீட்டின் முன்புறம் பொது வீதி வரைக்கும் 150 மீற்றர் கிறவல் பாதை. பொது வீதியில் விழும் பனியை உள்ளூராட்சி சபை அகற்றும். இந்த 150 மீற்றர் வீட்டுக்காரன் பாடு.

ராத்தாவுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்திருந்தன. கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் இரத்தச் சுத்திகரிப்பு. ஒரு தவணை தவறினாலும் உடம்பில் நீர் ஏறும். இரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத்துக்கே ஆபத்து. ஆகவே என்ன வண்டி வாங்குவது என்ற பேச்சு எங்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை.

பனி பார்வைக்குப் பஞ்சு. ஆனால் கணக்குப் பார்த்தால் கதை வேறு. 3 மீற்றர் அகலமான பாதையில் 20 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் 90 கனமீற்றர். புதுப்பனி ஒரு கனமீற்றர் சுமார் 100 கிலோ என்று வைத்தாலும் 9 தொன். ஈரப்பனியானால் இதைப்போல் மூன்று மடங்காகும். மண்வெட்டியால் முடியுமா?

மருமகன் படங்களைக் காட்டினான். ஏ.டி.வி. என்பது மோட்டார் சைக்கிள் மாதிரிக் கால் போட்டு ஏறி ஓட்டும் நாலு சில்லு வண்டி. 300 கிலோவுக்குச் சற்றுக் கூட. அடுத்தது யூ.டி.வி. இருவர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஓட்டலாம், பின்னால் சாமான் பெட்டி உண்டு. பொலாரிஸ் ரேஞ்சர், ஜோன் டியர் கேற்றர் போன்றவை இந்த இனம். அதற்கும் மேலே சிறிய ட்ரக்டர். மருமகனின் கண் வேகமாக ஓடும் யூ.டி.வி. ஒன்றின் மேல். மச்சானின் மனம் ட்ரக்டரில். மச்சான் ஊரில் முப்பது வருடம் வேளாண்மை செய்தவர்.

சிக்கல் எங்கே என்றால், பனி கேட்பதும் சேறு கேட்பதும் ஒன்றல்ல. தகட்டை முன்னால் பூட்டிப் பனியைத் தள்ள வண்டிக்குப் பாரம் வேண்டும். பாரம் குறைந்தால் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் பெட்டியில் மணல் மூடை ஏற்றுபவர்களும் உண்டு. சதுப்போ பாரத்தைக் கண்டால் வாய் திறக்கும். அங்கே இலேசான வண்டி வேண்டும், அகன்ற ரயர் வேண்டும், ரயரில் காற்றுக் குறைவாக இருக்க வேண்டும்.

இது எங்களுக்குப் புதிய பாடமல்ல. புதைசேற்றுக் கண்டத்தில் பெரிய ட்ரக்டரை இறக்கினால் அது அச்சு வரை தாழும். இழுக்கப் போன ட்ரக்டரும் பக்கத்தில் தாழும். அங்கே லேண்ட்மாஸ்டரின் ரப்பர் சில்லைக் கழற்றி, கூடு மாதிரியான இரும்புச் சில்லைப் பூட்டித்தான் இறக்குவார்கள். அதற்கு முந்திய காலத்தில் எருமை.

இரண்டுக்கும் பொருந்தும் வண்டி கிடையாதா என்று கேட்டேன். நியூ ஹம்பேர்க் என்ற ஒன்ராறியோ ஊரிலேயே ஆர்கோ என்றொரு வண்டி செய்கிறார்கள். எட்டுச் சில்லு, தண்ணீரில் மிதக்கும். சதுப்புக்கு அதை வெல்ல ஆளில்லை. ஆனால் கிழமைக் கணக்காகப் பனி தள்ளுவதற்கென்று அதை வாங்குவோர் குறைவு. விலையும் எங்கள் கைக்கு எட்டவில்லை.

அந்நாட்களில்தான் ஜோசப் அர்மண்ட் பொம்பார்டியேயின் வரலாற்றை வாசித்தேன். கியூபெக் மாகாணத்தில் வல்கூர் என்ற ஊரின் மெக்கானிக். பனியில் ஓடும் வண்டி செய்ய இளவயதிலிருந்தே முயன்றவர். 1934ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் குடல்வால் அழற்சியால் நோயுற்றான். பாதைகள் பனியால் மூடிக் கிடந்தன. வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பிள்ளை இறந்தது. பல் சக்கரமும் ரப்பர்ப் பட்டியும் கொண்ட அவரது பொறிமுறைக்கு 1937இல் காப்புரிமை கிடைத்தது. பின்னர் கியூபெக்கில் நாட்டுப்புற வீதிகளிலும் பனி அகற்ற வேண்டுமென்று சட்டம் வர, அவரது பனி வண்டிகளுக்குக் கிராக்கி விழுந்தது. அவர் அதே பட்டிப் பொறியைச் சதுப்பு நிலத்துக்குத் திருப்பி, 1953இல் ‘மஸ்கெக்’ என்ற ட்ரக்டரைச் செய்தார். வடபுலத்துச் சதுப்புக்கு அங்கே வழங்கும் பெயர் அது.

இதை இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். ராத்தா பிள்ளையின் வயதை இரண்டு தரம் கேட்டார். மச்சான் சோற்றைப் பிசைந்தபடி பேசாமலிருந்தார். மறுகா சொன்னார்:

“சேறு நமக்காகக் காத்துக்கிட்டு இரிக்கும் மச்சான். பனி காத்திரிக்காது. முந்தி எது அவசரமோ அதுக்கு வாங்குவம்.”

அதன் பிறகு பேச்சு நேராகப் போனது. தகட்டோடு முன்னே போய், நிறுத்தி, பின்னே வந்து, மறுபடி முன்னே போகிற வேலை இது. பல யூ.டி.வி.களில் எஞ்சினின் வலுவை ரப்பர் பெல்ட் ஒன்று சில்லுக்குக் கடத்துகிறது. பாரமான பனியை உயர் கியரில் தள்ளினால் பெல்ட் சூடேறிக் கருகும். தண்ணீர் புகுந்தால் வழுக்கும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ரோஸ்டற்றிக் முறையில் அந்தப் பெல்ட் இல்லை. குபோட்டா என்ற பெயர் எங்கள் வட்டைகளில் லேண்ட்மாஸ்டர் மூலம் பழகிய பெயர். அதே கம்பனியின் டீசல் யூ.டி.வி. ஒன்று, கதவும் சூடாக்கியும் உள்ள கூண்டோடு பாவித்த நிலையில் கிடைத்தது. புதிதாக வாங்கினால் ஒரு காரின் விலை. வேகம் குறைவு என்பது மருமகனின் மனக்குறை. ஒரு தொன்னுக்கு மேற்பட்ட பாரம். அதாவது, சதுப்புக்கு ஆகாது என்று தெரிந்தே வாங்கினோம்.

பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் வந்து சில விடயங்கள் சொன்னார். பனிக்கு முன்னரே பாதையின் இரு ஓரத்திலும் கம்பு நட்டுக்கொள்ள வேண்டும். நிலம் உறையும் வரை தகட்டைச் சற்று உயர்த்திப் பிடிக்காவிட்டால் கிறவலும் சேர்ந்து போய்விடும். முதற்பனியையே பாதையை விட்டுத் தூரத் தள்ள வேண்டும். ஓரத்தில் குவித்தால் தையில் பாதை ஒடுங்கிப் புதுப்பனிக்கு இடமிராது. பொது வீதியில் பனியைக் கொட்டுவது சட்டப்படி குற்றம். கடுங்குளிரில் சாதாரண டீசல் கட்டிபடும், குளிர்கால டீசல்தான் ஊற்ற வேண்டும். மச்சான் இவற்றையெல்லாம் வட்டவிதானையின் கட்டளை மாதிரிக் கேட்டுக்கொண்டார்.

ஜனவரியில் ஓர் இரவு முழுவதும் பனி கொட்டியது. விடிந்தால் ராத்தாவின் தவணை. மூன்றரை மணிக்கு எஞ்சின் சத்தம் கேட்டு எழுந்து யன்னலால் பார்த்தேன். மஞ்சள் வெளிச்சம் ஒன்று போவதும் வருவதுமாக இருந்தது. ஆறு மணிக்குக் கறுத்த கிறவல் தெரிந்தது. மருமகன் காரை எடுத்தான். ராத்தா போர்வைக்குள்ளிருந்து, “ஒங்கட மச்சான் கடைசியில உழவு மிஷின் ஒண்டு வாங்கிட்டாரு” என்றார்.

சதுப்பின் சேதியையும் பண்ணைக்காரர்தான் சொன்னார். பனி ஒரு போர்வை. அது மூடிக் கிடக்கும் வரை அடியிலுள்ள சேறு சரியாக உறையாது. பனியை நீக்கினால் அல்லது மிதித்து அமுக்கினால் குளிர் உள்ளே இறங்கும். வட கனடாவில் குளிர்காலப் பாதைகளை இப்படித்தான் அமைக்கிறார்களாம். மச்சானும் மருமகனும் சதுப்புக்குக் குறுக்கே ஒற்றையடிப் பாதை அகலத்துக்குப் பனியை மிதித்து விட்டார்கள். கடுங்குளிர் இரவுகள் பல கழிந்தபின் மச்சான் அலவாங்கால் பல இடங்களில் குத்திப் பார்த்தார். இரும்பு துள்ளியது. அந்தப் பாதையால் விறகை வண்டியில் ஏற்றவில்லை. சறுக்குப் பலகையில் வைத்து கையால்தான் இழுத்தார்கள். ஒரு தொன் வண்டியை இறக்க மச்சான் சம்மதிக்கவில்லை.

சதுப்பை மண் போட்டு நிரப்பினால் என்ன என்று மருமகன் ஒருமுறை கேட்டான். அங்கே ஈரநிலங்களை நிரப்ப நீர்வளப் பாதுகாப்பு அதிகாரசபையின் அனுமதி வேண்டும். நல்ல சட்டம் என்றே எனக்குப் பட்டது. தண்ணீர் தங்குவதற்கும் ஓர் இடம் வேண்டுமல்லவா?

மார்ச்சில் நான் ஊர் திரும்பிவிட்டேன். ஏப்ரலில் மச்சான் தொலைபேசியில் பேசினார். பனி கரைந்து சதுப்பு நிறைந்து கிடப்பதாகவும், தவளைச் சத்தத்தில் ராத்தாவுக்கு வட்டை ஞாபகம் வருவதாகவும் சொன்னார். பின்பக்கத்து விறகு இன்னும் மிச்சமிருப்பதைக் கேட்டேன்.

“அது இரிக்கட்டும், அடுத்த மாரிக்குப் பாப்பம்” என்றார்.